நின்னா சூடு, ஓடினா குளிர்

என் அண்ணன் கார் ஏசி மெக்கானிக். யார் வண்டியா இருந்தாலும் விழுந்து விழுந்து பார்ப்பான். தங்கச்சி வண்டின்னா மட்டும் காதுலயே போட்டுக்க மாட்டான்.

"ஓடினா குளிருது, நின்னா சூடாக் காத்து வருதுண்ணா"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குள்ள வண்டியை விட்டு, பானெட்டைத் திறந்து, கேஜ் மாட்டிப் பார்ப்பான். "கேஸ் சரியா இருக்கு, கம்ப்ரசர் சரியா இருக்கு. கையை வச்சுப் பாரு." வச்சா நிஜமாவே விறைச்சுப் போகும். "உனக்குத்தான் மண்டைச் சூடு"ன்னு சிரிப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எனக்கென்ன, வேர்த்தா துடைச்சுக்குவேன். என் மகனுக்கு வேர்க்கவே வேர்க்காது. பிறவியிலேயே அப்படி. வெயில் ஏறினா அவன் உடம்புச் சூடும் ஏறும், தானா இறங்காது. நாலு வயசுப் பிள்ளை. அந்த ஏசியை நம்பித்தான் அவனை வெளியிலயே கூட்டிட்டுப் போறேன்.

அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். "நானே ஓட்டுறேன், அப்பவாவது வாயை மூடுவியா"ன்னு அண்ணன் கூட வந்தான். வண்டி பாலத்து நடுவுல போய் நின்னுடுச்சு. முன்னாடி ஏதோ விபத்தாம். எங்களைச் சுத்தி லாரிங்கதான். கொஞ்ச நேரத்துல ஏசியிலிருந்து அனலா வந்தது.

அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினான்.

"ஏசிக்குன்னு முன்னாடி ஒரு ஃபேன் இருக்கும்லம்மா. ஓடுறப்போ எதிர்காத்தே போதும், நின்னா அதுதான் சுத்தணும். அது சுத்தல."

பேட்டரியிலிருந்து நேரா ஒயர் கொடுத்துப் பார்த்தான். அசையல, மோட்டாரே எரிஞ்சிருந்தது.

"பட்டறையில மட்டும் எப்படிக் குளிர்ந்துச்சு?"

அவன் என் முகத்தைப் பார்க்கல. "வேலை பார்க்குறப்போ எனக்குப் புழுங்குதுன்னு பெரிய ஃபேனை வண்டி மூஞ்சிக்கு நேரா வச்சிருப்பேன். இத்தனை நாளும் அந்தக் காத்துலதான் குளிர்ந்திருக்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்தது.

"அந்தத் தண்ணியைக் குடு. வண்டி முன்னாடி, அந்த ஃபேன் இருக்குற இடத்துல ஊத்தினா ஏசி கொஞ்ச நேரம் குளிரும்"னான். இருந்ததே அரை பாட்டில். மகன் நெத்தியைத் தொட்டேன், கொதிச்சது.

"போண்ணா, உன்னை நம்பினது போதும்!" அத்தனையும் பிள்ளை தலையில ஊத்திட்டேன்.

அண்ணன் லாரி லாரியா ஓடித் தண்ணி கேட்டான். வெறுங்கையோட திரும்பி வந்தான். அதுக்குள்ள பிள்ளை சட்டை காஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன், அதுவும் இதே நெரிசல்லதான் நிக்குதாம்.

மகன் பாதிக் கண்ணைத் திறந்தான். "அம்மா, மாமா கண்டுபிடிச்சிட்டாரா?"

"கண்டுபிடிச்சிட்டாருடா கண்ணு."

"அப்போ ஏன் குளிரல?"

அண்ணன் கதவைப் பிடிச்சுக்கிட்டு விசிறி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருந்தான். உள்ள வந்ததெல்லாம் அனல்தான். நிறுத்துன்னு அவன்கிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல.