விலைபோகாத 6-சி

மூன்றாவது ஆளையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அன்று பெர்னிஸ் ஆட்லர் நிம்மதியாகச் சாப்பிட்டாள். கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, புகை போட்ட மீனை வைத்து, வெங்காயத்தை அடுக்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்துத் தின்றாள். மேல்மாடியில், 6-சி வீட்டில், லயனல் பிரிஸ்டோ இந்நேரம் தரகரோடு போனில் கத்திக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே அவளுக்குப் பாதி ருசி.

வீட்டை ஒரு குறை சொல்ல முடியாது. வெஸ்ட் எண்ட் அவென்யூவில், உலகப் போருக்கு முன்பு கட்டிய கட்டடம். ஒரே படுக்கையறைதான், ஆனால் கூரை உயரம். சுவர் தடிமன், பக்கத்து வீட்டில் பியானோ வாசித்தாலும் காதில் விழாது. தரை முழுக்க மீன்முள் போல இழைத்த ஓக் பலகை. வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் இது கோ-ஆப் கட்டடம். பணத்தைக் காட்டினால் மட்டும் போதாது. குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழு உங்களைக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பேசி, சரி என்று தலையாட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. வாயைத் திறந்து காரணம் சொன்னவர்களைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

இப்போது அந்தக் குழுவுக்குத் தலைவி பெர்னிஸ். அவளுக்கு முன்னால் பல வருடம் தலைவராக இருந்தவன் லயனல்.

அவன் காலத்தில்தான் பெர்னிஸின் அக்கா ரோஸலின் நாலாம் மாடியில் ஒரு வீடு வாங்க ஆசைப்பட்டாள். பேக்கரியில் நின்றே ஆயுளைக் கழித்தவள். இடுப்பு தேய்ந்து, கைத்தடி ஊன்றி, பக்கத்து ஊரான யாங்கர்ஸில் லிஃப்ட் இல்லாத வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் காலத்தில் தங்கை பக்கத்தில் இருக்கலாம் என்று வந்தாள். கையில் பணம் இருந்தது. குழு அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசியது. மறுநாள் வேண்டாம் என்றது.

"எங்கிட்ட என்னடி குறை, பெர்னி?" என்று அவள் போனில் கேட்டாள். "தடி ஊன்றதாலயா? சத்தமாப் பேசிட்டேனா? என்னன்னு சொன்னா திருத்திக்குவேன்ல?"

அந்தக் குளிர்காலத்தில் யாங்கர்ஸ் படியில் விழுந்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்விதான் கேட்டாள். பெர்னிஸுக்குப் பதில் தெரியவில்லை. அடக்கம் முடிந்து வந்தவள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி ஓட்டுக் கேட்டாள். ஒரு தேர்தலில் தோற்று, இன்னொன்றிலும் தோற்று, கடைசியில் லயனலைக் கவிழ்த்தாள்.

முழங்கால் போய்விட்டது, ஃப்ளோரிடாவில் மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்று அவன் 6-சியை விற்பனைக்கு வைத்தபோது, பெர்னிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் ஒரு பல் டாக்டர் வந்தார். அனுப்பினாள். பிறகு செல்லோ வாசிக்கும் பெண். அனுப்பினாள். அடுத்து ஒரு விதவை, குட்டைக்கால் நாயோடு. இந்தக் கட்டடத்தில் நாய்க்கும் நேர்காணல் உண்டு. அது சமர்த்தாகக் கையை நீட்டியது. அதையும் அனுப்பினாள். குழுவில் மற்றவர்கள் சண்டைக்குப் பயந்தவர்கள்; தலைவி தலையை ஆட்டினால் அவர்களும் ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. எதற்காக இந்த அடி விழுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. லிஃப்டில் பார்த்தால், "மார்க்கெட் மந்தமா இருக்கு போல" என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாடி எண்களைப் பார்ப்பாள். பழி வாங்கியும் வாங்காத மாதிரி இருந்தது.

வருடாந்தரக் கூட்டம் வழக்கம்போலக் கீழே லாபியில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், பாலாடைக்கட்டித் துண்டுகள், மட்டமான ஒயின். பெர்னிஸ் மேசைக்குப் பின்னால், பக்கத்தில் கட்டடத்தின் வக்கீல். லயனல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"தலைவரம்மாவுக்கு ஒரு கேள்வி. மூணு பேரக் கூட்டிட்டு வந்தேன். மூணு பேரயும் தொரத்திட்டீங்க. அந்த நாய் கை குடுத்துச்சே, அதுவுமா பத்தல?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"குழு முடிவு பண்ணிடுச்சு லயனல். உக்காருங்க."

"சரிதான். நானும் அப்படித்தான் சொல்லுவேன். நான் எத்தன பேர அனுப்பியிருப்பேன்! உங்க வீட்டு ஆளுகூட ஒருத்தங்க வந்தாங்களே, தடி ஊனிக்கிட்டு... பேரு என்ன? ரோண்டாவா?"

வக்கீல் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"இல்ல, ரோஸ்மேரி. அதானே?"

"ரோஸலின்!" பெர்னிஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "எங்க அக்கா பேரு ரோஸலின்! நீ வேண்டாம்னதாலதான் அவ அந்தப் படியில விழுந்து செத்தா. அதுக்குத்தான்டா உன் வீட்ட விக்க விடல. இன்னும் முப்பது பேரக் கூட்டிட்டு வா, முப்பது பேரயும் தொரத்துறேன். அந்த வீட்டுக்குள்ளயே கெடந்து சாவு!"

அப்பாடா, சொல்லியாயிற்று. இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அப்புறம்தான் லயனலின் முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றான் அவன் சுற்றிலும் பார்த்து. ஒரு துண்டு பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார்.

மறுநாள் வக்கீல் அவள் வீட்டுக்கே வந்தார். "சொந்தப் பகைன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. கேஸ் போட்டா கட்டடமே தாங்காது. அடுத்து யார் வந்தாலும் சரின்னு சொல்லணும். நீங்க பதவியில இருக்கவும் கூடாது." அடுத்து வந்தவனை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெர்னிஸ் விலகினாள்.

லயனலின் சாமான்கள் லாரியில் ஏறிய காலையில் அவள் லாபியில் காத்திருந்தாள். வைராக்கியத்தையெல்லாம் மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க, லயனல். வீட்டையும் வித்துட்டீங்க. நான் என் காரணத்த ஊரறியச் சொன்னேன். நீங்களும் சொல்லிட்டுப் போங்க. இனிமே உங்கள யார் என்ன பண்ண முடியும்? அவள ஏன் வேண்டாம்னீங்க?"

"ரோஸலினையா?" பெயர் தடங்கலே இல்லாமல் வந்தது. "எப்படி மறக்கும்? நீலக் கோட்டு. கையில எலுமிச்சம்பழக் கேக்கு. நானே ரெண்டு துண்டு தின்னேன்."

"அப்புறம் ஏன்?" அவள் ஓரடி முன்னால் வந்தாள். "சாகுற வரைக்கும் கேட்டா, லயனல்."

அவன் மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான். அவசரமே படவில்லை.

"இந்தத் தொழில் உங்களுக்கு வரவே இல்ல, பெர்னிஸ்" என்றான். "காரணம்னு ஒண்ணு இருந்தா அத வெளிய விடக் கூடாது. கூடவே எடுத்துட்டுப் போயிடணும்."

வாசல்காரர் கதவைத் திறந்து பிடிக்க, அவன் நொண்டிக்கொண்டே போய் டாக்ஸியில் ஏறினான். வண்டி தெருமுனையில் திரும்பியது. ரோஸலினின் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் ஃப்ளோரிடாவுக்குப் போய்க்கொண்டிருந்தான்.