தூக்காத பக்கெட்

பள்ளத்திலிருந்து கடைசிப் பாறையை அள்ளி லாரிக்குள் பூப்போல வைத்துவிட்டு, அக்கா பொக்லைனின் பக்கெட்டைத் தரையில் பதித்தாள். சைட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த கொத்தனாருக்கும் அக்காதான். வண்டி ஓடும்போது பக்கத்தில் யாராவது வந்தால் போதும், பக்கெட் இறங்கிவிடும், என்ஜின் நின்றுவிடும். வந்தவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் மறுபடி சத்தம் கேட்கும். வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அவள் வந்த பிறகு அங்கே ஒருத்தனுக்குச் சுண்டுவிரல்கூட நசுங்கியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமா!

இன்று அதற்கே பரிசு வந்திருந்தது. விபத்தே நடக்காத சைட் என்று கம்பெனி கேடயம் கொடுக்கிறது. கையோடு அக்காவின் வேலையையும் நிரந்தரமாக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால், வேறொரு சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து வீட்டோடு கிடக்கும் அவள் புருஷனின் வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். காலையில் அவன் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, இன்றைக்கு ஒருநாள் மட்டும் யாரிடமும் வாய் கொடுக்காதே தாயே என்று அனுப்பியிருந்தான்.

மேனேஜர் தலைமை அலுவலகத்து விருந்தாளிகளோடு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பொக்லைனுக்கு முன்னால் வந்து நின்றார். போட்டோக்காரருக்குத் திருப்தியில்லை. பக்கெட்டை இவர்கள் தலைக்கு மேலே தூக்கினால் படம் அம்சமாக இருக்கும் என்றார்.

அக்கா என்ஜினை அணைத்தாள்.

மேனேஜர் கிட்டே வந்து, ஒரு நிமிஷம்தானே என்று சிரித்தார். பெரியவங்க பார்க்கிறாங்க என்று பல்லைக் கடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் வேலை ஆர்டர் என் பையில்தான் இருக்கிறது என்றார். புருஷன் கும்பிட்டது அவள் கண்முன் வந்தது.

"அடியில ஆள் நின்னா தூக்க மாட்டேன் சார். என் புருஷனே நின்னாலும் தூக்க மாட்டேன். நீங்க எல்லாரும் தள்ளி நில்லுங்க, வானம் வரைக்கும் தூக்கிக் காட்டறேன்."

"அப்ப இறங்கு. நாளையிலேர்ந்து வராதே."

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எடுத்து என்ன? அந்தக் கம்பெனி வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. மேட்டில் மண் தள்ளிக்கொண்டிருந்த ஆபரேட்டர் தன் சாவியோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறினான். பக்கெட் எழுந்தது.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் யாரும் பக்கெட்டுக்கு அடியில் போகாதபடி அக்கா இரண்டு கையையும் விரித்து நின்றாள். மேனேஜர் தொழிலாளிகளையும் படத்துக்குக் கூப்பிட்டார். கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டார். கம்பி கட்டுகிறவர்களும் சித்தாள்களும் அவள் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

அப்போது மேனேஜரின் டிரைவர் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஒருத்தருக்கு ஹெல்மெட் குறையுதாம் அக்கா. உங்களுக்குத்தான் இனிமே வேண்டாமேன்னு வாங்கிட்டு வரச் சொன்னாரு."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே இருந்த வியர்வையைச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தாள். விருந்தாளி அதை மாட்டிக்கொண்டு, பக்கெட்டுக்கு நேர் கீழே போய் நின்றார்.