கொத்தனார் வீட்டுச் சாய்வு

குடியை விட்டுவிட்டுச் சிகிச்சை விடுதியிலிருந்து திரும்பிய கொத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றியதும், பல வருடங்களாகத் தெற்கே சாய்ந்திருந்த அவர் வீடு நிமிர்ந்து நேரானது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வடக்கே விழுந்தார்கள். பெரிய காயம் ஒன்றும் இல்லை. மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு, மகளுக்கு நெற்றியில் புடைப்பு. பார்க்க வந்த மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டை மாதிரி சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் மட்டும் இன்னும் படி ஏறவில்லை, தப்பித்தார். சாய்ந்த தரையில் அத்தனை காலம் நேராக நின்று பழகியவர்களுக்கு நேரான தரையில் நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இந்த வீட்டில் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது, எல்லோரும் நன்றாகத்தான் ஆடினார்கள்.

அந்த வீடு ஒரே நாளில் சாய்ந்ததல்ல. தோள்வலிக்கு என்று சாயங்காலம் கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பித்த காலத்தில், கூடத்தில் வைத்த தக்காளி ஒன்று மெதுவாகத் தெற்கே உருண்டது. அவர் குடி ஏற ஏறச் சாய்வும் ஏறியது. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்த, அவருக்கு வேலை கொடுக்கிற காண்ட்ராக்டர், பாறை மாதிரி இருக்கிறது என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அடுத்த கல்லை வைக்காத மனிதர் கொத்தனார். ஊரில் அவர் எழுப்பிய சுவர்கள் இன்றைக்கும் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. அவருடைய சொந்த வீட்டிலோ மனைவி கட்டிலின் வடக்குக் கால்களை அறுத்துக் குட்டையாக்கினாள், அடுப்புக்குத் தெற்கே செங்கல் அண்டக்கொடுத்தாள். நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. திங்கட்கிழமைதோறும் வேலைக்குப் போகும் வழியில் காண்ட்ராக்டரைப் பார்த்து, வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சித்தப்பா தவறிவிட்டார் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். கொத்தனாருக்கு இல்லாத சித்தப்பாக்கள் எல்லாம் அவள் வாயால் செத்தார்கள். தெரு அவளுக்குப் பொறுமைக்காரி என்று பேர் வைத்தது. அந்தப் பேரைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சுகாதார நிலையத்து நர்சம்மாதான் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தார். ஆளைக் குளிப்பாட்டி அதே அழுக்குச் சட்டையைத் திரும்ப மாட்டுகிற மாதிரி, குடிநோயாளியைத் தேற்றி அதே தெருவுக்கு அனுப்புகிறோம், தெருவுக்கும் பயிற்சி வேண்டாமா என்பது அவர் கேள்வி. நூலகத்து மாடியில் டீயும் பிஸ்கட்டும் உண்டு என்றதும் கூட்டத்துக்குக் குறைவில்லை. இது வியாதி, திமிர் அல்ல; அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள்; அவராகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்; திரும்பி வந்தவர் வாயை மோந்து பார்க்காதீர்கள்; வீட்டைச் சலித்து ஒளித்த பாட்டில்களை எல்லாம் எடுத்துச் சாக்கடையில் ஊற்றுங்கள். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து நடித்தும் பார்க்கச் சொன்னார். குடிகாரராக நடித்த சலூன்காரர் அவ்வளவு பிரமாதமாகத் தள்ளாடினார். அவர் மனைவி அவரைப் பாதியிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போய் விசாரித்தாள். திரும்பி வருகிறவரைப் பார்த்து "வந்துட்டீங்களா, உக்காருங்க" என்று மட்டும் சொல்லவேண்டும், உபதேசம் கூடாது என்பது பாடம். மளிகைக்கடைக்காரருக்கு நாக்கு நுனியில் நின்ற உபதேசத்தை விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொத்தனார் திரும்பிவந்த முதல் மாதம் வீட்டில் எல்லோரும் விழுந்து எழுந்தார்கள். அவர் கட்டைத் துண்டுகள் செதுக்கிக் கட்டிலின் குட்டைக் கால்களுக்கு முட்டுக்கொடுத்தார், அண்டக்கொடுத்த செங்கல்லை எடுத்தார். மகளைக் கையைப் பிடித்துக் கூடத்தில் நடத்திப் பழக்கினார். சின்ன உடம்பு, சீக்கிரம் பழகிவிட்டது. பொறுமைக்காரிக்குத்தான் முடியவில்லை. நடந்தால் நொண்டினாள், படுத்தால் உருண்டு விழுகிற மாதிரி இருந்தது, தூக்கம் போய்விட்டது. அதோடு இன்னொன்றும் இருந்தது, வெளியே சொல்ல முடியாதது. காலையில் அவரே எழுந்து டீ போட்டார். மகளின் பள்ளிக்கூடத்துக்கு அவரே போய் வந்தார், காண்ட்ராக்டரிடம் அவரே பேசினார். கடைக்குப் போனால், நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்டுக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் இப்போது மேஸ்திரி எப்படி இருக்கார் என்று கேட்டார். வகுப்பில் கொத்தனாருக்குக் கை தட்டினார்கள். பொறுமைக்காரி என்ற பேர் கேட்பாரற்றுக் கிடந்தது. புருஷன் நல்லபடியாக இருப்பதைப் பார்த்து ஒருத்திக்கு நெஞ்சு எரியுமா, நான் என்ன ஜென்மம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் எரிந்தது.

பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பாதி நிரம்பிய பாட்டில் ஒன்று அகப்பட்டது. அதைச் சாக்கடை வரைக்கும் கொண்டுபோனாள். மூடியைக்கூடத் திருகினாள். பிறகு மூடியைத் திரும்ப இறுக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்தாள். எடுத்த இடத்திலேயே வைத்திருந்தாலாவது மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவள் அதைக் கீழ்த்தட்டில், அவர் கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் வைக்கிற இடத்தில் வைத்தாள். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. தெரிந்திருக்கும் என்று சொல்பவர்களும் தெருவில் இருக்கிறார்கள்.

லீவு நாள் மத்தியானம் ஒன்றில் வீடு சத்தமில்லாமல் தெற்கே இறங்கியது. பொறுமைக்காரி அடுப்படியில் நின்றிருந்தாள். நொண்டல் நின்று, முதுகு நேராகி, மூச்சு ஒழுங்காக வந்தது. கூடத்தில் அவர் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள், அப்படித் தூங்கி மாதக்கணக்காகியிருந்தது. கண் விழித்தபோது மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.  கட்டில் காலுக்கு அப்பா வைத்த கட்டைத் துண்டுகளைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அடுப்புக்கு அண்டக்கொடுக்கிற பழைய செங்கல்லைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.  அந்தச் செங்கல் பிறகு பொறுமைக்காரியின் கண்ணை விட்டுப் போகவில்லை.

கொத்தனார் மறுநாளே தானாக நர்சம்மாவிடம் போய் நின்றார். எப்போதோ நான் ஒளித்து வைத்ததை நானே எடுத்துக் குடித்தேன் என்றார், யாரையும் குறை சொல்லவில்லை. விடுதிக்குப் போய்ச் சில வாரங்களில் திரும்பினார். அவர் செருப்பைக் கழற்றியதும் வீடு வழக்கம்போல நிமிர்ந்தது. ஆனால் நேரான இடத்தில் நிற்காமல், அதைத் தாண்டி வடக்கே சாய்ந்து, அங்கேயே நின்றுவிட்டது.

எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத் தெரு கவனிக்கவில்லை. சாய்ந்திருக்கிறதா, அப்படியானால் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மோந்து பார்க்கக்கூடாது என்று படித்தவர்களே மோந்து பார்த்தார்கள். சவரம் செய்யும்போது சலூன்காரர் தேவைக்கு மேல் குனிந்தார். சாரத்தில் ஏற்ற பயமாக இருக்கிறது என்று காண்ட்ராக்டர் கீழ்வேலை மட்டும் கொடுத்தார், அப்புறம் அதுவும் இல்லை. சொட்டுக்கூடத் தொடாத கொத்தனாருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. தினமும் காலையில் பொறுமைக்காரி முன்னால் வந்து நின்று, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, வாடை வருதா பார் என்பார். இல்லைங்க என்பாள். அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.  நாக்கு அழுகிப்போகாதா என்று தன்னைத் தானே சபித்துக்கொண்டு காஜா எடுத்தாள், ஊசி விரலில் ஏறியது.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிக்காமலே வீடு சாயுதுன்னா, குடிச்சாத்தான் என்ன? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன."

அந்த வாரம் வகுப்பில், சறுக்கி விழுந்தவர் வீட்டார் எப்படி நடந்துகொள்வது என்பது பாடம். இதற்கு நம் பொறுமைக்காரியைவிட யார் இருக்கிறார்கள், அவர்களையே பேசச் சொல்லுங்கள் என்று மளிகைக்கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். அவள் எழுந்தாள். கொத்தனார் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் அவர் குடித்துச் சாவார், அப்போதும் எனக்குப் பொறுமைக்காரி என்றுதான் பேர் இருக்கும் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"அந்தப் பாட்டிலைப் பரண்லருந்து அவரு எடுக்கலை. நான்தான் அவரு கைக்கு எட்டற இடத்துல வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன். வீடு இப்ப சாயறது அவரால இல்லை, என்னால."

குடித்தேன் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன சொல்வது என்று தெரு நடித்துப் பழகியிருந்தது. கொடுத்தேன் என்று ஒருத்தி வந்து நின்றால் என்ன சொல்வது என்று யாரும் பழகவில்லை. மளிகைக்கடைக்காரர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.  சலூன்காரருக்குப் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் மனப்பாடம், பதற்றத்தில் அதுவே வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா, உக்காருங்க" என்றார்.

அவள் உட்கார்ந்து அழுதாள். நர்சம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கொத்தனார் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று சலூன்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, வீட்டுப் பக்கம்தான் என்று சொன்னார்.

அவள் போனபோது அவர் கூடத்தில் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் வச்சே என்று கேட்டார்.

"நேரா நிக்க முடியலைங்க" என்றாள்.

 மழைக்காலம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. போட்ட டீயில் அவள் பங்கை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். காண்ட்ராக்டர் வந்து மன்னிப்புக் கேட்டுச் சாரத்தில் ஏற்றியிருந்தார். அவர் குடிக்கவில்லை. அவளும் பொறுமையாக இருக்கவில்லை. கோபம் வந்தால் கத்தினாள், பசித்தால் முதலில் சாப்பிட்டாள். தெருவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். நர்சம்மா சனிக்கிழமைகளில் வீட்டார்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி அதை அவளிடம் விட்டார். முதல் நாள் வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த வாரம் சலூன்காரர் மனைவி கதவைச் சாத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

வீட்டின் வடக்குப் பக்கம் மெல்ல மெல்ல உயர்ந்து நேராகிக்கொண்டு வந்தது. ஒரு விரல் அளவு சாய்வு மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது, அதற்குமேல் அசையவில்லை. வருடங்கள் போயின. தரை கழுவினால் தண்ணீர் வடக்கு மூலையில் தேங்கும், அவள் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிவாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, அந்த மூலையில் சுவரின் அடியில் ஒரு துளை அடித்து, குழாய் சொருகி, சுற்றிலும் சிமென்ட் பூசினார். தரையை உடைத்து நேராக்கிவிடலாமே, உங்களுக்குத் தெரியாத வேலையா என்று அவள் கேட்டாள்.

"சாயட்டும். தண்ணி நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கூடத்தில் ஊற்றினாள். அது வடக்கே ஓடி, சுவரைத் தாண்டி, தெருவுக்குப் போனது.