மினியாவின் அறிமுகவுரை

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று பெவர்லி கேட்டபோது மினியா மீன் துண்டிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். கேள்வி வேறு யாருக்கோ என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். மேஜையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் இனிப்பு வைத்திருந்த பக்கம் போய்விட்டார்கள். மண்டபத்து ஏசியில் தட்டிலிருந்த சோறு அதற்குள் விறைத்துப்போயிருந்தது.

"யாரோட அம்மா?"

"உங்க அம்மாதான். படுத்த படுக்கையா இருந்தாங்களே. அவங்கள விட்டுட்டு வர முடியாதுன்னுதானே நீங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வரல. அப்ப எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க மேல இருந்த மரியாதை கூடிடுச்சு, நிஜமா சொல்றேன்."

பெவர்லி நியூசிலாந்துக்காரி. அறுபதைத் தொட்டவள். நரம்பியல் செவிலியர்களின் சர்வதேச சங்கத்தில் பயிற்சிகளையெல்லாம் கவனிப்பவள். மினியா அவளை இதுவரை திரையில்தான் பார்த்திருக்கிறாள். இந்த வருஷம் சங்கத்தின் தென்கிழக்கு ஆசியக் கூட்டம் மினியாவின் ஊரான இலோஇலோவில் நடப்பதால் நேரில் வந்திருந்தாள். வெளிறிய நீலக் கண்கள். அவற்றில் பொய் எதுவும் இல்லை.

மினியா வாயிலிருந்ததை விழுங்கினாள். வாதம் அடித்து வருகிறவர்களின் தொண்டையில் விரல் வைத்து, ஒரு கரண்டித் தண்ணீரை விழுங்கச் சொல்லிப் பார்ப்பது அவள் அன்றாடம் செய்கிற வேலை. இப்போது தானே தண்ணீரை எடுத்து ஒரு மிடறு விழுங்கிப் பார்த்தாள்.

"இப்ப அவங்களுக்கு வலி ஒண்ணும் இல்ல," என்றாள்.

"நல்லது," என்று பெவர்லி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அம்மா இறந்தது ஊரடங்குக்கு முந்தின வருஷம். ஊருக்குள்ளேயே இருக்கிற ஹாரோ கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பெவர்லியின் ஆஸ்பத்திரி ஆள் தேடியது அதற்கு வெகுநாள் கழித்து. மினியா கணக்குப் போட வேண்டியதே இல்லை. தன்னை அழைத்திருக்கிறார்கள். அவளால் வர முடியாது என்று அவள் சார்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செத்துப்போன அம்மாவைப் படுக்கையில் கிடத்தி, அவளைக் காரணம் காட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ யாரென்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஊர்க் கிளைக்குச் செயலாளராக இருந்தவள் ஜெம்மா. சங்கத்திலிருந்து வருகிற எதுவும் அவள் வழியாகத்தான் வரும். அந்த வேலைக்குப் போனதும் ஜெம்மாதான்.

ஜெம்மா அவளைவிட ஏழெட்டு வயது சின்னவள். அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் வார்டில் அவளுக்கு வேலை பழக்கியது மினியா. அந்த வார்டில் எப்போதும் கட்டிலைவிட ஆட்கள் அதிகம். நோயாளிக்குத் துணையாக இருக்கிற சொந்தக்காரர்கள் கட்டிலுக்கடியில் அட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். பந்தாய் என்று அவர்களுக்குப் பெயர். காவல் இருப்பவர்கள். நடக்க இடமில்லை என்று எல்லா நர்சுகளும் அவர்களைத் திட்டுவார்கள், மினியாவும் திட்டியிருக்கிறாள். ஒருநாள் ஒரு மீன்காரி, "என் புருஷன் என் பேரத் தப்பா சொல்றாரு, காலைல சரியா சொன்னாரு," என்று வந்து நின்றாள். அவளையும் துரத்திவிடத்தான் பார்த்தார்கள். மினியா மட்டும் எழுந்துபோய் அவன் கண்மணிகளில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்று விரிந்திருந்தது. அவனை உடனே அறுவை அறைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தான். அதற்குப் பிறகுதான் அவள் பந்தாய்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் பேரைக் கேளுங்கள். இரண்டு கையாலும் உங்கள் விரலை அழுத்தச் சொல்லுங்கள். தூங்குகிறவரை எழுப்ப நேற்றைவிடக் கஷ்டமாக இருந்தால் யோசிக்காமல் எங்களை வந்து கூப்பிடுங்கள். நாங்கள் திட்டினாலும் கூப்பிடுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்காகச் சுவரில் படம் வரைந்து ஒட்டினாள். ஒரு பக்கம் வாய் கோணிய முகம், ஒரு கண் மட்டும் பெரிதான முகம். ஜெம்மா வண்ணம் தீட்டினாள்.

ஊரடங்குக் காலத்தில் சங்கம் கணினி வழியாகக் கூட்டம் நடத்தியபோது மினியா அதைப் பற்றிப் பேசினாள். நடுவில் இரண்டுமுறை இணைப்பு அறுந்தது. நன்றாகப் பேசவில்லை என்று இரவெல்லாம் புலம்பினாள். "உளறிக் கொட்டிட்டேன்டி." "இல்ல மானாங், எல்லாரும் அப்படியே கேட்டுட்டிருந்தாங்க," என்று ஜெம்மாதான் தேற்றினாள். அக்கா என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அது. ஜெம்மாவின் வாயில் அது வெறும் மரியாதைச் சொல்லாக ஒருநாளும் இருந்ததில்லை.

சில மாதம் கழித்து ஜெம்மா வந்து, நியூசிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது, பயிற்றுநர் வேலை, விண்ணப்பம் போட்டிருந்தேன், கிடைக்கும் என்று நினைக்கவில்லை என்று அழுதாள். மினியாவும் அழுதாள். வழியனுப்பு விருந்தை மினியாதான் வைத்தாள். கருப்புப் பயறும் பன்றி இறைச்சியும் பலாக்காயும் போட்டுப் பெரிய சட்டி நிறையக் குழம்பு. வார்டே வந்து சாப்பிட்டது. படங்களையும் பாடக் குறிப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு ஜெம்மாவின் கையில் திணித்தாள். "அங்க யாராவது கேட்டா காட்டுடி. நம்ம ஊரு ஆளுங்களுக்கும் மூளை இருக்குன்னு தெரியட்டும்."

அந்த ஜெம்மா இப்போது அதே பந்தாய் முறையைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள். மதியத்துக்குப் பிறகு அவளுடையதுதான் முதல் உரை. மேடையில் அவளை அறிமுகப்படுத்த வேண்டியவள் மினியா. ஜெம்மாவே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

மினியா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த நடையில் ஜெம்மா கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. குட்டையாக வெட்டிய முடி, காலர் வைத்த சட்டை. ஊர் வெயிலை மறந்த நிறம்.

"மானாங்! சாப்டியா? நீ பக்கத்துல நின்னாத்தான் பேச வரும்."

"பெவர்லி எங்கம்மாவ நலம் விசாரிச்சாங்க."

உதட்டுச் சாயத்தின் மூடி கீழே விழுந்து உருண்டது. இருவரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?" என்று ஜெம்மா கேட்டாள். மெதுவாக.

"அதுதான் உனக்கு முதல்ல தெரியணும், இல்ல?"

"மானாங்..."

"எங்கம்மா செத்தப்ப நீதானடி குளிப்பாட்ட வந்த. ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டது நீ. உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? வேற பொய்யே கெடைக்கலயா? எனக்குக் காசநோய்னு சொல்லியிருக்கலாம். குடிகாரின்னு சொல்லியிருக்கலாம்."

ஜெம்மா சுற்றிலும் பார்த்தாள். நடையின் கோடியில் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நீ போயிருக்க மாட்ட மானாங். உன்ன எனக்குத் தெரியாதா? வார்ட விட்டு ஒரு வாரம் லீவு போட மாட்ட நீ. சும்மா உன்கிட்ட கேட்டு, நீ யோசிச்சு, வேணாம்னு சொல்லி, அதுக்குள்ள அந்த எடம் வேற எவளுக்கோ போயிருக்கும்."

"கேட்டிருக்கலாம்ல."

ஜெம்மா கையிலிருந்த உதட்டுச் சாயத்தைத் திருகி உள்ளே இறக்கினாள்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். சரி. ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சிருப்ப?"

"கேட்டிருந்தா நீ போயிருப்ப," என்றாள் ஜெம்மா. அவள் குரல் உடைந்து, பிறகு ஏதோ நெடுநாள் சுமையை இறக்கி வைத்ததுபோல் சமமாகிவிட்டது. "அதான் கேக்கல. மூணு நாள் யோசிச்சேன். நீ கண்டிப்பா போவன்னு தோணுச்சு. அம்மா போய்ட்டாங்க, உனக்குன்னு யாருமில்ல, ஏன் போகமாட்ட? எனக்கு ரெண்டு புள்ளைங்க, விட்டுட்டுப் போன புருஷன். உனக்கு அந்த வார்டு இருந்துச்சு மானாங், எல்லாரும் உன் பேரச் சொல்வாங்க. நான் எப்பவும் உன் படத்துக்கு வண்ணம் அடிக்கிறவதான்."

மினியாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிட மோசமாக, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. தனக்கு யாராவது துரோகம் செய்தால் அதைச் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே ஆள் ஜெம்மாதான். போயிருப்பேனா? நியூசிலாந்தின் ஏதோ ஒரு நகரத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு, காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற தன்னை நினைத்துப் பார்க்க முயன்றாள். அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை. போயிருப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தானே கண்டுபிடிக்கிற வாய்ப்பையும் இவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே மணியடித்தார்கள். ஜெம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"மேடைல ஒண்ணும் சொல்லிடாத மானாங். காலுல விழறேன். புள்ளைங்க இப்பதான் அங்க பள்ளிக்கூடத்துல பழகியிருக்குதுங்க."

மினியா கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

மேடை விளக்கில் முதலில் யார் முகமும் தெரியவில்லை. பிறகு முன்வரிசையில் பெவர்லியின் வெள்ளை முடி தெரிந்தது. பாங்காக்கிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஹனோயிலிருந்தும் வந்திருந்த செவிலியர்கள். கடைசி வரிசையில் அவளுடைய வார்டுப் பெண்கள், வேலை நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சீருடையோடு வந்து, கையசைத்தார்கள். ஜெம்மா பக்கவாட்டில் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். எழுதிவைத்திருந்த அறிமுகத்தில் பட்டங்களும் பதவிகளும் இருந்தன. மினியா அந்தத் தாளைப் பிரிக்கவில்லை.

"ஜெம்மா எங்க வார்டுல வளர்ந்த பொண்ணு," என்றாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. "நோயாளியோட முகத்தப் பாத்தே இவருக்கு இன்னிக்கு என்னமோ சரியில்லன்னு சொல்லிடுவா. அவளப் பத்தி நெறைய சொல்லலாம். நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஊரடங்குக்கு முந்தின வருஷம் எங்கம்மா செத்துப்போனாங்க. அன்னிக்கு முதல் ஆளா வந்தவ ஜெம்மா. ஒன்பது நாளும் எங்க வீட்டு அடுப்ப அணைய விடாம பாத்துக்கிட்டவ. எங்கம்மாவ அவளுக்கு அவ்வளவு நல்லாத் தெரியும். வா, ஜெம்மா."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெவர்லியும் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு தட்டு தட்டியதும் அவள் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. அவள் மெல்ல மினியாவைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை நோக்கி வந்துகொண்டிருந்த ஜெம்மாவைப் பார்த்தாள். ஜெம்மா அந்த இருவரில் யாரையும் பார்க்காமல், "நன்றி, மானாங்," என்று சொன்னாள். அவளுக்குப் பின்னால் திரையில் முதல் படம் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிய முகம்.

மினியா உட்காரவில்லை. படிகளில் இறங்கி, பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். வெற்றி பெற்றதுபோல் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவின் சாவை அவளும் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டாள் என்பது மட்டும் நாக்கில் கசந்தது. ஒதுங்குமிடத்தில் நின்று மழையைப் பார்த்தாள். பெவர்லி தன்னைத் தேடி வருவாள் என்று தெரியும். வந்து மன்னிப்புக் கேட்பாள், ஏதாவது தருவதாகவும் சொல்லலாம். அதைக் கேட்க இன்றைக்குத் தெம்பில்லை. ஆனாலும், எதிரெதிர்ப் பலகைகளில் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு ஜீப்னி வண்டிகளை அவள் போகவிட்டாள். எதற்கென்று தெரியவில்லை. மழை சற்று விட்டதும், அடுத்து வந்ததைக் கைகாட்டி நிறுத்தினாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் இடம் இருந்தது. மாலை ஷிப்டுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும்.

வண்டி நகர்ந்த பிறகு யாரோ ஓடிவந்து பின்படியில் தொற்றி ஏறினார்கள். காலர் வைத்த சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் குதிகால் உயர்ந்த செருப்புகள். ஜெம்மா படியோரத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். அவள் உரை பாதியில் நின்றதா, முடிந்துதான் வந்தாளா, பெவர்லி என்ன கேட்டாள், எதுவும் முகத்தில் இல்லை. பள்ளிக்கூடப் பெண்களும், கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு கிழவரும் அவர்களுக்கு நடுவில் இருந்தார்கள். முழங்கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்தன.

சற்றுப் பொறுத்து ஜெம்மா வண்டிக் கட்டணத்துக்காகப் பையிலிருந்து ஒரு பண நோட்டை எடுத்து நீட்டினாள். பள்ளிப் பெண் அதை வாங்கிப் பக்கத்தில் கொடுத்தாள். அது கிழவர் கைக்கு வந்தது. கிழவர் கோழிக்கூடைக்கு மேலாகக் கையை நீட்டி மினியாவிடம் கொடுத்தார். முன்னால் இருப்பவர்தான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொண்டாள். நோட்டு ஈரமாக இருந்தது.

ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தோளுக்கு மேலாக உள்ளங்கையைப் பின்னால் நீட்டினான்.

"இது ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?" என்று கேட்டான்.

வைப்பர் ஒருமுறை போய் வந்தது. மறுபடி போய் வந்தது. அவன் கை காற்றில் விரிந்தபடி நின்றது.