எந்தக் கையைத் தூக்குவது

மூன்றாவது ஒத்திகையும் முடிந்தபோது ஆசிரியை சூ ஷுஹோங்குக்குத் தன் வகுப்பைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. 'டேக்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கு எட்டு அர்த்தம். எட்டு அர்த்தத்துக்கும் எட்டுப் பிள்ளைகள். எடுப்பது ஒருவனுக்கு, பஸ் பிடிப்பது ஒருத்திக்கு, போட்டோ பிடிப்பது இன்னொருவனுக்கு என்று பந்தியில் பரிமாறுவதைப் போல முன்கூட்டியே பங்கு வைத்துவிட்டார் ஆங்கிலத் துறைத் தலைவர் கெங். மற்ற பிள்ளைகளுக்கு வேலை கை தூக்குவது மட்டும்தான்.

நாளைக்கு அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து கடைசி வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் தலையாட்டினால் ஷுஹோங்குக்கு நிரந்தர வேலை. பல வருடமாக ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவள். இந்த வருடம் ஒரே ஓர் இடம்தான் காலி. இதையும் கோட்டைவிட்டால் அம்மா வீட்டு ஆப்பிள் தோட்டத்தில் ஏணியில் ஏறி, பூச்சி அரிக்காமலிருக்கப் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை மாட்ட வேண்டியதுதான்.

கெங் மேசையைத் தட்டினார். "எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. டீச்சர் கேள்வி கேட்டா ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையைத்தான் கூப்பிடுவாங்க. பின்னாடி உக்காந்து பாக்குறவங்களுக்கு வகுப்பே கையாத் தெரியணும். புரியுதா?"

"புரியுது சார்!"

"மூஞ்சிய இப்பத்தான் முதல் தடவையா கேக்குற மாதிரி வெச்சுக்கங்க. போன வருஷம் ஒரு கழுதை, டீச்சர் கேள்விய முடிக்கிறதுக்குள்ள பதிலச் சொல்லித் தொலைச்சுட்டான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஷுஹோங்குக்குச் சிரிப்பு வரவில்லை.

வராந்தாவில் கெங் அவளை நிறுத்தினார். "அந்தக் கடைசி பெஞ்சு தௌ லான்சி இருக்காளே, அவளை நாளைக்கு லேபுக்கு அனுப்பிடு. எதையாவது உளறி வைப்பா."

"அவளும் என் வகுப்புப் பொண்ணுதான் சார். இடது கையைத் தூக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கட்டும்."

"உன் இஷ்டம்மா. போனா உன் வேலைதான் போகும், என்னுது இல்ல."

லான்சி பரீட்சையில் 'மருந்தை ஈட் பண்ணினேன்' என்று எழுதிவைத்தவள். அதைச் சிவப்பு மையால் அடித்து, 'டேக்' என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டுவரச் சொன்னது ஷுஹோங்தான். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அதிகாரிகள் தேநீர்ப் பிளாஸ்குகளோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். கெங்கும் அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பாடம் வழுக்கிக்கொண்டு போனது. கேள்வி கேட்டால் கைகள் குபீரென்று எழும், ஷுஹோங் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவாள், பதில் வரும், கைதட்டல் விழும். மருந்துக்கான அர்த்தம் வகுப்புத் தலைவன் ஹான் ருய்க்கு ஒதுக்கியது. பிசிறில்லாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஷுஹோங் லான்சியைக் கவனித்தாள். இரண்டு கைகளையும் தூக்கிவைத்திருந்தாள்.

ஷுஹோங் பார்க்காதவள் போல அடுத்த அர்த்தத்துக்குத் தாவினாள். கைகள் இறங்கவில்லை. கெங் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். ஆனால் அதிகாரிகளில் ஓர் அம்மாள் பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர், அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் தூக்கிட்டா? உங்க பாடத்துக்குப் பயந்து சரணடைஞ்சுட்டாளா?"

கடைசி வரிசையில் சிரிப்பு எழுந்தது. இனி தப்பிக்க வழியில்லை.

"எந்திரி லான்சி. என்ன கூத்து இது?"

லான்சி தூக்கிய கைகளோடேயே எழுந்தாள். "தெரிஞ்சா வலது கைன்னாங்க. தெரியாட்டி இடது கைன்னாங்க. கேள்வி கேக்கணும்னா எந்தக் கையத் தூக்கணும்னு கெங் சார் சொல்லவே இல்லையே டீச்சர்."

கெங் பாதி எழுந்தார். "அவளுக்கு உடம்பு சரியில்ல. உக்காரு!"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"என்ன கேக்கணும்?" என்றாள் ஷுஹோங்.

"மருந்த வாயில போட்டுத்தானே முழுங்குறோம்? எங்க வீட்டுல மருந்து சாப்பிட்டியான்னுதான் கேப்பாங்க. உங்க வீட்டுலயும் அப்படித்தான் கேப்பாங்க. இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் 'டேக்'குங்கிறான்? அவன் மருந்து வயித்துக்குள்ள போகாதா? நான் எழுதுனத அடிச்சீங்க. ஏன் தப்புன்னு சொல்லவே இல்லையே."

பாவி மகளே, இன்றைக்குத்தானா நீ வாய் திறக்க வேண்டும் என்று ஷுஹோங்குக்கு ஆத்திரம் பொங்கியது. ஏதாவது சொல்லி உட்காரவைக்கப் பதிலைத் தேடினாள். தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அவளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். காதைத் திருகி, எழுதிக்கொண்டு வா என்றார்கள். எழுதினாள். எழுதி எழுதியே கல்லூரிக்குப் போய், எழுதவைக்கிறவளாகத் திரும்பி வந்தாள். ஒருத்தராவது சொல்லித்தரவில்லையே. ஆத்திரம் லான்சியை விட்டு நகர்ந்து வேறு பக்கம் திரும்பியது.

கெங் அதிகாரிகளைப் பார்த்துப் பல்லிளித்தார். "பாடத்துல இல்லாத கேள்விங்க. டீச்சர், அடுத்ததுக்குப் போங்க."

அடுத்தது, அடுத்தது. இதைத் தவிர வேறென்ன அவள் காதில் விழுந்தது இத்தனை காலமும்? சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடது கையைத் தூக்கினாள்.

"எனக்குத் தெரியாது லான்சி. தெரியாமலே உன் பதிலை அடிச்சுட்டேன்." வகுப்பைப் பார்த்தாள். "உங்கள்ல இது ஏன்னு நிசமாவே தெரியாதவங்க யாரு? தூக்குங்க."

முதலில் பின் பெஞ்சுகளில் இடது கைகள் எழுந்தன. பிறகு நடுவில். இப்போதுதான் கைதட்டல் வாங்கிய ஹான் ருய் திரும்பி கெங்கைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், அவனும் இடது கையைத் தூக்கினான். லான்சி தன் வலது கையை மட்டும் இறக்கிக்கொண்டாள். அதிகாரிகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஷுஹோங்!" கெங்கின் குரல் கிறீச்சிட்டது. "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்." அவள் கையை இறக்கவில்லை. "நீங்கதான் எந்தக் கையையும் தூக்கலையே. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா வலது கையத் தூக்குங்க, இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி அம்மாளும் திரும்பிப் பார்த்தார். கெங்கின் இரண்டு கைகளும் முழங்காலை விட்டு அசையவில்லை.