நாற்காலிக்குக் கற்பூரம்

அந்தப் பனியன் கம்பெனியில் வேலை வசதிகளைச் சோதிக்கும் வெளிநாட்டு ஆடிட் நடக்கிற அன்றைக்கு மட்டும்தான் துணியில் குறை தேடும் செக்கிங் பெண்களுக்கு நாற்காலி வரும். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் அவை ஸ்டோருக்குத் திரும்பிவிடும். பிள்ளைத்தாய்ச்சியான பூங்குழலியும் மறுபடி நின்றுகொண்டே துணி பார்க்க வேண்டும்.

இந்த முறை கூட வேலை செய்யும் மயிலாளுக்குப் பொறுக்கவில்லை. கார் போனதும் பூங்குழலியின் நாற்காலிக்குப் பட்டையாக விபூதி பூசி, பூச் சாத்தி, கற்பூரம் ஏற்றினாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த முதலாளி மகுடேஸ்வரன், கற்பூரத்தைக் கண்டதும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் நாற்காலியைப் பார்த்தார்.

“ஏம்மா மயிலா, என்ன கூத்து இது?”

“சாமிங்க. ஆடிட்டுக்கு மட்டும் காட்சி குடுத்துட்டு மலையேறிப் போயிருமுங்க. அதான் வழியனுப்பறோம்.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பூங்குழலி மட்டும் இடுப்பைப் பிடித்தபடி மேசையில் சாய்ந்து நின்றாள். அவளைப் பார்த்த மகுடேஸ்வரனுக்கு, தான் கும்பிட்ட நாற்காலியைத் தூக்கச் சொல்ல மனம் வரவில்லை.

“உக்காரு கண்ணு. இது இங்கயே இருக்கட்டும்.”

“மத்த சாமியெல்லாமுங்க?” என்றாள் மயிலாள்.

“எல்லாமே இருக்கட்டும். மொதல்ல கற்பூரத்த அணை. துணி பத்திக்கிச்சுன்னா எந்தச் சாமியும் வராது.”