லெட்சுமி அக்காவுக்கு ஒரு போர்ட்

1

இந்தக் கதை, பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெண். மடியில் பழைய கொம்பியூட்டர் பெட்டி. வளைவு வரும்போதெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க அது?"

"ரவுட்டர் செய்யப் போறேன்."

பெரகல சந்தியில் நான் இறங்கிவிட்டேன். மீதியெல்லாம் கற்பனை, றொஷேல் என்ற பெயர் உட்பட.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த அந்தக் காலையில் றொ—"

வேண்டாம். பனியால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாவது முயற்சி: றொஷேலுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தபடியே வேலை. கொழும்புக் கொம்பனி ஒன்றின் வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேச வேண்டும். திங்கட்கிழமை கொம்பனி சோதனை வைக்கிறது. வேலைக் கொம்பியூட்டர் யாரோடும் கலக்காமல் தனி லைனில் இருக்க வேண்டும். பேச்சு நடுவில் அறுந்துபோகக் கூடாது. தவறினால் கொழும்பு ஒபிஸ்தான். கொழும்பு போர்டிங் அறையில் ஒருமுறை இருந்து பார்த்தவள் அவள். மறுபடி போவதாக இல்லை. ஆகவே அந்தப் பழைய பெட்டியை, இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வோல் ரவுட்டராக மாற்றத் துணிந்தாள்.

3

பெட்டியில் ஏற்கெனவே ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் ஓட்டை, இருந்தது. மற்றவற்றுக்குப் பண்டாரவளையில் ஷிராஸ் நானாவின் கொம்பியூட்டர் கடைக்குப் போனாள்.

"ரெண்டு போர்ட் கார்டும் இருக்கு, நாலு போர்ட்டும் இருக்கு தங்கச்சி."

"ரெண்டு போதும் நானா. நெட் உள்ள வர ஒன்னு, வேலைக்கு ஒன்னு, வீட்டுக்கு ஒன்னு. மூனுதானே?"

(ஷிராஸ் இங்கே புத்திமதி சொல்வதாக எழுதி அடித்துவிட்டேன். அவருக்குக் கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.)

4

மாட்டினாள். எல்லாம் ஓடியது, அடுத்த வீட்டு லெட்சுமி அக்காவின் பிள்ளைகள் படம் பார்க்கத் தொடங்கும்வரை. றொஷேலின் வீடியோ அப்படியே உறைந்துபோனது.

லயத்தில் இருப்பவர்கள்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும். அங்கே சிக்னல் பிடிப்பது லெட்சுமி அக்காவின் ஜன்னலில் மட்டும். அதனால் இரண்டு குடும்பத்துக்குமான இன்டர்நெட் பெட்டி அங்கேதான் இருக்கிறது; றொஷேல் வீட்டுக்குச் சுவர்த் துளை வழியாக ஒரு கேபிள் வருகிறது. அக்கா வீட்டு ஃபோன்கள் நேரே அந்தப் பெட்டியின் வைஃபையைப் பிடிக்கின்றன. தன் வழியாகப் போகாததை ஃபயர்வோல் எப்படி மட்டுப்படுத்தும்? றொஷேல் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தாள். நெட் இரண்டு வீட்டுக்கு.

5

எடிட்டருக்குப் பிடித்த முடிவு: அக்கா ஜன்னல் பெட்டியைப் பிடுங்கி எறிகிறார், கண்ணீர், கொழும்பு பஸ்—

எனக்குப் பிடித்த முடிவு: சோதனையில் வெற்றி, இரண்டு வீட்டிலும் கேக்—

றொஷேல் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. திரும்ப பஸ் ஏறி, நாலு போர்ட் கார்டை மாற்றி வாங்கிவந்து, அக்கா வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்தப் பெட்டியில வைஃபைய நிப்பாட்டணும். என் பக்கத்துலருந்து ஒங்களுக்குத் தனியா ஒரு லைன் தாறேன். வைஃபையும் அதுல வரும்."

"என் ஜன்னல்ல இருக்குற சாமானுக்கு நான் ஒன் வாசல்ல வந்து நிக்கணுமா புள்ள?"

"நிக்க வேணாம்க்கா. ஒங்களுக்குன்னே ஒரு போர்ட் வச்சிருக்கேன். நான் வேலையா பேசுறப்ப மட்டும் வேகத்தக் கொறைப்பேன்."

"கொறைச்சா? வில்லன் கைய ஓங்குறதுக்குள்ள ஹீரோ தூங்கிருவானா?"

"படம் கொஞ்சம் மங்கலாத் தெரியும். நிக்காது."

"நீ பேசாத நேரம்?"

"முழு வேகமும் ஒங்களுக்கு."

அக்கா சரி என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. "உலை கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

6

ஞாயிறு பிற்பகல். அதே சுவர்த் துளையில் றொஷேல் இன்னொரு கேபிளைத் தள்ளுகிறாள்.

"அக்கா, இழுங்க!"

அக்கா இழுத்தா—

இல்லை. இதை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, நீங்கள் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், லெட்சுமி அக்காவின் அறையில் இருக்கிறீர்கள். சோறு இறக்கியாயிற்று. பிள்ளைகள் பாதிப் படத்தில். துளையிலிருந்து விரல் நீளத்துக்கு நீலக் கேபிள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அது இன்னும் கொஞ்சம் முன்னே வருகிறது. அவள் தள்ளுவதை விடவில்லை.